பத்து வருஷ விசா இருந்தும் ஏன் ஆறு மாதத்தில் திரும்ப வேண்டும்?

மாமாவுக்கு அமெரிக்க விசா கிடைத்த அன்று கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரகத்தில் வெயிலில் நின்று, கைரேகை வைத்து, மூன்றே கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிய விசா. குரலில் பெருமிதம் பொங்கியது.

"மாப்ள, பத்து வருஷத்துக்குக் குத்திட்டான்ப்பா. நீ என்னமோ ஆறு மாசத்துல திரும்பிடணும்ங்கிற?"

"மாமா, அது பத்து வருஷம் வந்துபோறதுக்கு. பத்து வருஷம் இருக்கிறதுக்கு இல்ல."

"அப்ப எத்தனை நாள் இருக்கலாம்னு எங்கதான் எழுதியிருக்கு?"

நல்ல கேள்வி. அமெரிக்காவில் பல வருஷம் குப்பை கொட்டியவர்களே இதில் தடுமாறுகிறார்கள். விசா, ஸ்டேட்டஸ், கிரீன் கார்டு, குடியுரிமை என்ற நாலு தனித்தனி விஷயங்களையும் நம் பேச்சில் 'விசா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். 'அவனுக்கு விசா முடிஞ்சுபோச்சாம், திருட்டுத்தனமா இருக்கான்' என்பார் ஒருவர். 'பதினஞ்சு வருஷமா இருக்கான், இன்னுமா சிட்டிசன் ஆகல?' என்பார் இன்னொருவர். இரண்டுமே தப்பான புரிதல், ஆனால் இரண்டும் வேறு வேறு தப்பு.

கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. எல்லாவற்றையும் கலந்தால் குழப்பம்தான் கூடும். அதனால் இங்கே அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டணத் தொகைகளைச் சொல்லப்போவதில்லை, அவை அடிக்கடி மாறுகிறவை.

ஒரு வீடு, நாலு அனுமதி

ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'வாசலுக்கு வந்து கதவைத் தட்டலாம்' என்பது ஒரு அனுமதி. கதவைத் திறந்து, 'வாங்க, இந்தத் தேதி வரைக்கும் இருங்க, இன்னின்ன வேலை செய்யலாம்' என்பது இரண்டாவது. 'மாடிப் போர்ஷனில் கெடு இல்லாமல் குடியிருந்துகொள்ளலாம், ஆனால் பூட்டிப்போட்டுவிட்டு ஊர் போய் உட்கார்ந்துவிடக் கூடாது' என்பது மூன்றாவது. 'குடும்ப அட்டையிலேயே உங்கள் பேரைச் சேர்த்துவிட்டோம்' என்பது நாலாவது.

முதலாவது விசா. இரண்டாவது ஸ்டேட்டஸ், அதாவது உள்ளே இருக்கும்போது உங்களுக்குள்ள சட்ட நிலை. மூன்றாவது நிரந்தரக் குடியிருப்பு. அதற்கான அட்டையைத்தான் கிரீன் கார்டு என்கிறோம். நாலாவது குடியுரிமை.

இந்த நாலையும் ஒரே கை கொடுப்பதில்லை. விசா தருவது வெளியுறவுத் துறையின் கீழ் வரும் தூதரகம். உள்ளே விடுவது விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லைப் பாதுகாப்பு அதிகாரி. உள்ளே வந்த பிறகு ஸ்டேட்டஸை நீட்டிப்பது, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாம் யூஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றச் சேவை அலுவலகத்தின் பொறுப்பு. தூதரகம் விசா கொடுத்துவிட்டது என்பதற்காக விமான நிலைய அதிகாரி உள்ளே விட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை.

விசா கதவு வரைக்கும்தான்

விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் ஒரு தாள். அதில் போட்டிருக்கும் முடிவுத் தேதி, அதுவரை நீங்கள் அமெரிக்காவின் வாசலுக்கு வந்து நின்று உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம் என்பதற்கான கெடு. எத்தனை நாள் தங்கலாம் என்று அந்தத் தாள் சொல்வதில்லை.

தங்கும் கெடுவைச் சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவு. முன்பெல்லாம் வெள்ளை அட்டையாகக் கிழித்துப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுப்பார்கள். 2013 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்கு அது கணினிப் பதிவாகிவிட்டது. கையில் எதுவும் தருவதில்லை, நாமே இணையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் படாத காகிதம் என்பதால்தான் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சுற்றுலா விசாவில் வரும் அப்பா அம்மாக்களுக்கு ஐ-94-இல் வழக்கமாக ஆறு மாதம் போடுவார்கள். மாமாவின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

நானே இதில் அடிபட்டவன்தான். ஒரு முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது வேலை அனுமதிக் கடிதத்தில் இன்னும் இரண்டரை வருஷம் பாக்கி இருந்தது. பாஸ்போர்ட் மட்டும் பதினாலு மாதத்தில் முடிய இருந்தது. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிப் பெரும்பாலும் கெடு போடமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதிகாரி போட்டது பாஸ்போர்ட் முடியும் தேதி. புதுப் பாஸ்போர்ட் வாங்கியதும் எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தேன். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனபோது கவுண்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் ஐந்து வாரம்தானே இருக்கிறது?" என்றார். வயிற்றைக் கலக்கிவிட்டது. வக்கீல் அவசரமாக நீட்டிப்பு மனு போட்டுக் காப்பாற்றினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை தரையிறங்கியதும், பெட்டி பெல்ட்டில் வருவதற்குள் போனில் ஐ-94 பார்த்துவிடுகிறேன். நீங்களும் பாருங்கள்.

இப்போது 'விசா முடிஞ்சுபோச்சு' என்ற அந்தப் பேச்சுக்கு வருவோம். ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதி ஆகியிருக்கலாம். ஆனால் ஐ-94 தேதி பாக்கி இருந்து, அனுமதித்த வேலையையே செய்துகொண்டிருந்தால் அவர் முழுக்கச் சட்டப்படி இருக்கிறார். வெளிநாடு போனால்தான் சிக்கல். திரும்பி வரப் புது விசா வாங்க வேண்டும், அதைத்தான் 'ஸ்டாம்பிங் போகணும்' என்கிறார்கள். அப்பா உடம்பு முடியாமல் இருக்கிறார் என்று தெரிந்தும் டிக்கெட் போடத் தயங்கும் பிள்ளைகளின் பின்னணியில் பெரும்பாலும் இந்த ஸ்டாம்பிங் பயம்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். விசாவில் எட்டு வருஷம் பாக்கி இருக்கும், ஐ-94 நேற்று முடிந்திருக்கும். அவர்தான் சட்டத்தை மீறி இருக்கிறவர். அப்படித் தங்கினால் அந்த விசாவே செல்லாததாகிவிடும். கெடு தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருஷத்துக்கும், ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் பத்து வருஷத்துக்கும் திரும்ப உள்ளே வரத் தடை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விசா உள்ளே நுழையக் கேட்பதற்கு, ஐ-94 உள்ளே தங்குவதற்கு. உள்ளே இருக்கிறவருக்கு இரண்டாவதுதான் உயிர்நாடி.

விருந்தாளியா, குடியேற வந்தவரா?

அமெரிக்கச் சட்டம் விசாக்களை இரண்டு பெரிய கூடையில் போடுகிறது. வந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கானது ஒன்று, குடியேறவே வருகிறவர்களுக்கானது இன்னொன்று. சுற்றுலா, படிப்பு, தற்காலிக வேலை எல்லாம் முதல் கூடை.

இந்த முதல் கூடையில் சுற்றுலா, மாணவர் விசா கேட்டுப் போகிறவரை, 'நீ இங்கேயே தங்கிவிட வந்தவன்தான், இல்லை என்று நீ நிரூபி' என்றுதான் சட்டம் பார்க்கிறது. நிரூபிக்கும் சுமை விண்ணப்பித்தவர் தலையில். வங்கியில் பணம் இருந்தும், பிள்ளை அழைப்புக் கடிதம் அனுப்பியும் சிலருக்கு ஏன் மறுக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதுதான் பதில். '214(பி) போட்டுட்டான்' என்று சொல்வது அந்தப் பிரிவைத்தான். ஊரில் நிலம் நீச்சு, வேலை, குடும்பம் என்று திரும்பி வரக் காரணம் இருக்கிறது என்பதை அதிகாரி ஓரிரு நிமிடத்தில் நம்ப வேண்டும்.

எச்-1பி, எல்-1 என்ற இரண்டு வேலை விசாக்களுக்கு இந்தச் சந்தேகத்திலிருந்து விலக்கு உண்டு. தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டே நிரந்தரமாகத் தங்கவும் முயலலாம். இதற்கு இரட்டை நோக்கம் என்று பேர். நம் ஊர்ப் பிள்ளைகள் எச்-1பி வழியை இவ்வளவு நம்புவதற்கு இது பெரிய காரணம்.

எச்-1பி இன்றைய வடிவில் 1990-ஆம் வருஷச் சட்டத்தில் பிறந்தது. வருஷத்துக்குப் புதிதாக 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்கிறவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு என்பதால் குலுக்கல் முறையில்தான் தேர்வு. ஒரு முறை மூன்று வருஷம், நீட்டித்து ஆறு வருஷம். இதில் அனுமதி உங்கள் படிப்புக்கோ திறமைக்கோ தரப்படுவதல்ல, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தரப்படுவது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் உங்களுக்காக மனு போட வேண்டும், அல்லது வேறு ஸ்டேட்டஸுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிள்ளையின் பள்ளி, வீட்டுக் கடன், கார் தவணை எதுவும் அந்த 60 நாளை 61 ஆக்காது.

கிரீன் கார்டு தானாக வராது

'ஆறு வருஷம் எச்-1பியில இருந்தா கார்டு கொடுத்துடுவாங்கல்ல?' என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கொடுக்க மாட்டார்கள். எத்தனை வருஷம் வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரர் பத்திரத்தை மாற்றி எழுதித் தருவதில்லை அல்லவா? கிரீன் கார்டு முற்றிலும் தனி விண்ணப்பம், தனி வரிசை. வேலை வழியாகப் போகிற பெரும்பாலானவர்களுக்கு அதில் மூன்று படி.

முதல் படிக்குப் பெர்ம் என்று பேர். 'இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை' என்று நிறுவனம் தொழிலாளர் துறையிடம் காட்ட வேண்டும். அதற்கு உண்மையாகவே ஆள் தேடும் சடங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் இரண்டு விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு, இன்னும் சில. நீங்கள் ஏற்கெனவே உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்காலிக்கு, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே 'ஆள் தேவை' விளம்பரம் வரும். என் நண்பர் ஒருவர் தன் வேலைக்கு வந்த விளம்பரத்தை வெட்டி பர்ஸில் வைத்திருந்தார்.

பெர்ம் மனு போட்ட தேதிதான் உங்கள் முன்னுரிமைத் தேதி. 'உங்க பிரையாரிட்டி டேட் என்ன?' என்று தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பது இதைத்தான். திருப்பதியில் தரிசன டோக்கன் எண் மாதிரி. டோக்கன் கையில் இருக்கிறது என்பதற்கு வரிசையில் இடம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், சாமி பார்த்துவிட்டதாக அர்த்தமில்லை.

இரண்டாவது படி ஐ-140 மனு. நிறுவனத்துக்குச் சம்பளம் தரும் வசதி உண்டா, உங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பார்கள். மூன்றாவது ஐ-485, அதாவது உங்கள் ஸ்டேட்டஸை நிரந்தரக் குடியிருப்பாக மாற்றச் சொல்லும் விண்ணப்பம். மருத்துவப் பரிசோதனை, கைரேகை, சில சமயம் நேர்காணல். முதல் இரண்டும் நிறுவனத்தின் வேலை, மூன்றாவது உங்களுடையது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் ஆயுளின் பெரும்பகுதி ஓடிவிடுகிறது.

பிறந்த ஊர் எந்தக் கோட்டாவில்?

வேலை வழியாக வருஷத்துக்குத் தரப்படும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. இதுவும் 1990 சட்டம் போட்ட எண்தான், அதற்குப் பிறகு உயர்த்தவில்லை. கணவன், மனைவி, பிள்ளைகளும் இதே எண்ணிக்கையில் அடக்கம் என்பதால், நாலு பேர் குடும்பம் ஒன்று வந்தால் நாலு இடம் போகும். இதற்கு மேல், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு வேறு. கணக்குப் போட்டால் 9,800. அதுவும் பல பிரிவுகளுக்குள் பிரியும். மற்ற நாட்டார் எடுத்தது போக மிஞ்சினால் மட்டும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவீதம், இந்தியாவுக்கும் அதே 7 சதவீதம். எச்-1பி ஒப்புதல்களிலோ பத்தில் ஏழு இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் போகிறது. அகலமான வாய்க்காலில் வரும் தண்ணீரைக் குறுகலான மடை வழியாக விட்டால் என்ன ஆகும்?

ரயிலில் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே ரயில், ஒரே நாள். ஆனால் புறப்படும் ஊரிலிருந்து ஏறுகிறவருக்கு ஒரு வெயிட்டிங் லிஸ்ட், நடுவில் ஏறுகிறவருக்கு வேறு வெயிட்டிங் லிஸ்ட். உங்களுக்குப் பிறகு டிக்கெட் எடுத்தவர் பெர்த்தில் படுத்துத் தூங்குவார், உங்களுக்கு ஆர்ஏசிகூட வந்திருக்காது. பெட்டியில் இடம் இருக்கிறதா என்பதைவிட, நீங்கள் எந்தக் கோட்டா என்பதுதான் பெரிது.

இங்கே கோட்டாவை முடிவு செய்வது பிறந்த நாடு. குடியுரிமை அல்ல. மதுரையில் பிறந்த ஒருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே பதவியில் ஒரே நாளில் பெர்ம் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் 'மற்ற எல்லா நாடுகளும்' என்ற வரிசையில் நிற்பார், மதுரைக்காரர் இந்திய வரிசையில். மதுரைக்காரர் நடுவில் கனடாக் குடியுரிமை வாங்கினாலும் வரிசை மாறாது. அப்பாவின் வேலை நிமித்தம் குவைத்தில் பிறந்து, தஞ்சாவூரில் வளர்ந்த இந்தியர் குவைத் கணக்கில் போவார். மனைவியோ கணவரோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் தமிழ்க் குடும்பம், படித்தது சென்னை மாநிலக் கல்லூரி. ஆனால் பிறந்தது லாகூரில். இன்றைய விதியில் அவர் பாகிஸ்தான் கணக்கு.

வரிசை எங்கே நிற்கிறது என்பதை வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் என்ற அறிவிப்பில் சொல்லும். உங்கள் முன்னுரிமைத் தேதி அதில் போட்டிருக்கும் தேதிக்கு முந்தையதாக இருந்தால் உங்கள் முறை வந்துவிட்டது, 'கரண்ட் ஆயிடுச்சு' என்பார்கள். 2025 ஜூன் அறிவிப்பில், முதுகலைப் படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கான இபி-2 பிரிவில், இந்தியாவுக்குப் போட்டிருந்தது 2013 ஜனவரி 1. அதே பிரிவில் மற்ற பெரும்பாலான நாடுகள் 2023-இன் பிற்பகுதியில் இருந்தன. அதோடு இந்தத் தேதி முன்னால் மட்டும் நகராது, சில மாதம் பின்னாலும் போகும். கேட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்தால் தேதியைப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள்.

அதுவரை என்ன செய்வது? ஆறு வருஷக் கெடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2000-ஆம் வருஷம் வந்த ஒரு சட்டத்தால், ஐ-140 ஒப்புதலாகி வரிசைக்காகக் காத்திருப்பவர்கள் எச்-1பியை மூன்று மூன்று வருஷமாக நீட்டித்துக்கொண்டே போகலாம். அவர்களின் கணவன் அல்லது மனைவி 2015 முதல் வேலை அனுமதியும் கேட்கலாம். பதினஞ்சு வருஷமாக அங்கே இருந்தும் இன்னும் சிட்டிசன் ஆகாதவர் இப்படிப்பட்ட ஆள்தான். அவரிடம் குறை எதுவுமில்லை, ஐந்தாவது நீட்டிப்பில் இருக்கிறார். குடியுரிமைக்கான கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

பிள்ளைகள் விஷயம் இதைவிட வேதனை. மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு 21 வயது ஆகிவிட்டால் அவள் பெற்றோரின் வரிசையிலிருந்து கழன்றுவிடுவாள். வயதைக் கணக்கிடுவதில் சில சலுகை உண்டு, எல்லோருக்கும் அது போதுவதில்லை. தமிழை விட ஆங்கிலம் நன்றாகப் பேசும் அந்தப் பெண், வளர்ந்த ஊரிலேயே மாணவர் விசா கேட்டு நிற்பாள். 'திரும்பிப் போவேன்' என்று நிரூபிக்கவும் வேண்டும். எங்கே திரும்புவது?

குடும்ப வழியும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் மனு போடலாம். ஆனால் 2025-இல் இந்திய வரிசை 2006-இல் நின்றது. அண்ணன் கூப்பிட்டுக்கொள்வான் என்று வேலையை விட்டுவிட வேண்டாம்.

கார்டு கைக்கு வந்த பிறகு

அட்டையில் பத்து வருஷக் கெடு போட்டிருக்கும். அது அட்டைக்கான கெடு, உங்கள் உரிமைக்கு அல்ல. திருமணமாகி இரண்டு வருஷத்துக்குள் அந்த வழியில் வாங்கியவர்களுக்கு மட்டும் முதலில் இரண்டு வருஷ நிபந்தனை அட்டை தருவார்கள்.

எந்த நிறுவனத்தையும் சாராமல் வேலை மாறலாம், கடை வைக்கலாம், சும்மாவும் இருக்கலாம். 60 நாள் பயம் போய்விடும். ஆனால் 'நிரந்தரம்' என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. இது அங்கே வசிப்பதற்கான உரிமை. வசிக்காவிட்டால் போய்விடும்.

பெற்றோருக்குக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுக்கும் குடும்பங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். அப்பாவுக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்ளாது, பேச்சுத் துணை இல்லை. ஊரில் பதினொரு மாதம், அமெரிக்காவில் பதினஞ்சு நாள் என்று வருஷம் ஒரு முறை 'கார்டைக் காப்பாத்த' வந்துபோவார். ஒரு வருஷத்துக்குள் வந்தால் போதும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஒரு வருஷம் தாண்டினால் அந்த அட்டையை வைத்துத் திரும்ப நுழைய முடியாது என்பது உண்மை. ஆனால் அதற்குள் வந்தாலும், உண்மையில் எங்கே வசிக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்கலாம். வீடு, வரி, மருத்துவர் எல்லாம் ஊரில்தான் என்றால் குடியிருப்பைக் கைவிட்டதாக முடிவு செய்ய இடம் உண்டு. நீண்ட நாள் வெளியே இருக்க வேண்டியிருந்தால், கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குக் கிடைக்கும். வந்துபோவதுதான் நோக்கம் என்றால், என்னைக் கேட்டால், மாமாவின் பத்து வருஷ விசாவே அப்பாவுக்கும் போதும்.

கிரீன் கார்டுக்காரர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் 'வாக்காளராகப் பதிவு செய்யவா?' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். எல்லாக் கட்டத்திலும் டிக் அடிக்கும் பழக்கத்தில் அதையும் அடித்துவிட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாகி, பிறகு அட்டைக்கே ஆபத்து. சில குற்றங்களுக்கு நாடு கடத்தவும் முடியும். உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஊர் வங்கியில் போடும், இந்தியாவில் வரியில்லாத என்ஆர்இ வைப்பின் வட்டிக்கும் அங்கே வரி உண்டு.

குடும்ப அட்டையில் பேர் ஏறுவது

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு மூன்று வருஷம். கெடுவுக்கு 90 நாள் முன்னதாகவே மனு போடலாம். ஐந்து வருஷத்தில் குறைந்தது 30 மாதம் உடம்போடு அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போனால் தொடர்ச்சி அறுந்துவிட்டதாகவே முதலில் கருதுவார்கள், இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். எச்-1பியில் கழித்த பதினஞ்சு வருஷம் இந்தக் கணக்கில் சேராது.

இதுவும் தானாக வருவதல்ல, இதுவும் தனி விண்ணப்பம். 40 வருஷம் கிரீன் கார்டிலேயே இருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆங்கிலத்தில் கொஞ்சம் படித்துக் காட்டி, எழுதிக் காட்ட வேண்டும். வரலாறு, ஆட்சிமுறை பற்றி வாய்மொழித் தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். 50 வயது தாண்டி 20 வருஷம் கிரீன் கார்டோடு இருந்தவர்களுக்கும், 55 தாண்டி 15 வருஷம் இருந்தவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு இல்லை. மொழிபெயர்ப்பாளரோடு போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

இந்தக் கதவு நமக்கு எப்போதும் திறந்திருக்கவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியருக்கு, இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்பதால் குடியுரிமை கிடையாது என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் சட்டம் மாறியது. அப்போது இந்தியாவிலிருந்து குடியேற வருஷத்துக்கு 100 பேருக்கு இடம் கொடுத்தார்கள். சந்திரசேகர் 1953-இல் குடிமகன் ஆனது அந்தச் சட்ட மாற்றத்துக்குப் பிறகுதான்.

தேர்வு முடிந்தால் உறுதிமொழிச் சடங்கு. வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு விடுவார்கள். இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தோமோ அந்த அட்டை ஒரு பெட்டிக்குள் போகும். அங்கிருந்து உறுதிமொழி சொல்லி முடிக்கும் வரை கையில் எதுவும் இருக்காது.

பழைய அட்டையில் பேர் நீக்கம்

கல்யாணமாகிப் போன பெண்ணின் பேரைப் புகுந்த வீட்டுக் குடும்ப அட்டையில் சேர்க்க வேண்டுமானால், பிறந்த வீட்டு அட்டையில் பேரை நீக்கியாக வேண்டும். இரண்டு அட்டையில் ஒரே பேர் இருக்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையும் அப்படித்தான். 1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய கணத்தில் இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. யாரும் வந்து நீக்க வேண்டியதில்லை. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கிறதே என்று அதை வைத்துச் சென்னைக்குப் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும்.

பிறகு ஊருக்கு எப்படி வருவது? ஓசிஐ என்ற அட்டை இருக்கிறது. 2005-இல் சட்டத்தில் வந்தது. 'இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்' என்று பேர் வைத்துவிட்டதால் பலர் இதை இரட்டைக் குடியுரிமை என்றே நினைக்கிறார்கள். ஓட்டு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசுப் பதவி கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், பதிவு செய்ய வேண்டியதில்லை. விளக்கம் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்: ஓசிஐ என்பது ஆயுள் முழுக்கச் செல்லும் விசா.

மாமாவிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நீ சிட்டிசன் ஆனப்புறம் நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு உனக்கு விசா வேணும்ங்கிற?" என்றார்.

"ஆமா மாமா. ஆனா ஆறு மாசத்துல திரும்பச் சொல்ல மாட்டாங்க."